பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் மகளுக்கு இரண்டு பொதுப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பெரும்பாலும் அரசு மானியத்தில் நடப்பது, கட்டடங்கள் பழையவை. மற்றொன்று கட்டண வருமானத்தில் நடப்பது, பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. எதில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டடத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கட்டடம் ஒருமுறைச் செலவு. பெயர்ப்பலகை கிடைக்கும் என்றால் அதற்கு நன்கொடை தருபவர்கள் நிறையப் பேர். பேராசிரியர் நியமனமோ முப்பது ஆண்டுச் செலவு. அடுத்த ஆண்டு வருமா என்று தெரியாத பணத்தை நம்பி எந்த நிர்வாகமும் அதைச் செய்யத் துணியாது. ஒப்பந்த ஆசிரியர்களை வைத்து ஒப்பேற்றும். அவர்களிலும் அருமையாகப் பாடம் நடத்துபவர்கள் உண்டு. ஆனால் உங்கள் மகள் மூன்றாம் ஆண்டில் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போகும்போது அந்த ஆசிரியர் அங்கே இருக்க வேண்டுமே!

கட்டணம் கூடினால் தரமும் கூடும் என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். இங்கிலாந்தில் 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை என்று தொடங்கிய கட்டணத்தின் உச்சவரம்பு 2012இல் 9,000 ஆனது. அதே வேளையில் கற்பித்தலுக்கான அரசு மானியம் பெருமளவு வெட்டப்பட்டது. கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கு ஏறக்குறைய நின்றே போனது. மாணவர் கூடுதலாகக் கட்டியதில் பெரும்பங்கு அரசு விட்ட இடத்தை நிரப்பவே போயிற்று.

கட்டணத்தையே நம்பும் பல்கலைக்கழகத்துக்குத் தலைகளின் எண்ணிக்கைதான் வருமானம். உகாண்டாவின் மகரேரே பல்கலைக்கழகம் 1990களின் தொடக்கத்தில் கட்டணம் செலுத்தும் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. நொடித்துக் கிடந்த நிதிநிலை தேறியது, ஆசிரியர்களின் வருமானமும் உயர்ந்தது. கூடவே மாணவர் எண்ணிக்கை பெருகி வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன, மாலை வகுப்புகள் பெருகின. சந்தையில் விலைபோகும் பெயர்களில் புதுப் பட்டங்களும் முளைத்தன. ஆகவே கவர்ச்சியான பெயர் கொண்ட புதிய பாடப்பிரிவைக் கண்டால், முதல் அணி படித்து வெளியேறிவிட்டதா என்று முதலில் விசாரியுங்கள்.

ஒரே ஊற்றை நம்பியிருப்பதும் ஆபத்து. 2020இல் எல்லைகள் மூடப்பட்டபோது, வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் சாய்ந்திருந்த ஆஸ்திரேலியப் பொதுப் பல்கலைக்கழகங்கள் ஆயிரக்கணக்கான பணியிடங்களைக் குறைத்தன.

இதனால் அரசுப் பணம் அப்பழுக்கற்றது என்று சொல்ல வரவில்லை. அரசின் கை இறுகினால் முதலில் நிற்பது காலிப் பணியிடங்களை நிரப்பும் வேலைதான். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவின் பல மாநிலங்கள் மானியத்தைக் குறைத்தன. அங்கே பொதுப் பல்கலைக்கழகங்களின் கட்டணம் ஏறியது. ஜெர்மனி எதிர்த்திசையில் போனது. சில மாநிலங்கள் கொண்டுவந்த கட்டணத்தை 2014க்குள் எல்லா மாநிலங்களும் கைவிட்டன. ஆனாலும் அங்கே முதலாண்டு விரிவுரைகளில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருப்பது இன்றும் சகஜம்.

ஆய்வு நிதி இன்னொரு வகை. தரவரிசைப் பட்டியலில் ஏற்றிவிடுவது பெரும்பாலும் இதுதான். பெரிய ஆய்வுத் திட்டம் கிடைத்த பேராசிரியர் வகுப்பு எடுப்பதிலிருந்து விலக்குப் பெறுவதும் உண்டு. இளநிலை மாணவிக்கு அவர் பெயர் வலைத்தளத்தில் மட்டுமே தெரியும். முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் உங்கள் மகளுக்கு இருந்தால் இந்த நிதி வரம். மூன்றாண்டில் வேலைக்குப் போவதே நோக்கம் என்றால், இளநிலை மாணவர்களை அந்த ஆய்வகத்துக்குள் விடுகிறார்களா என்று கேட்காமல் தரவரிசை எண்ணைப் பார்த்துப் பயனில்லை.

இனி உங்கள் வேலை. இரண்டு பல்கலைக்கழகங்களின் ஆண்டறிக்கையையும் தேடி எடுங்கள். வரவுப் பக்கத்தில் எந்த ஒரு தொகை பாதியைத் தாண்டுகிறது, ஐந்தாண்டில் அது எப்படி ஏறி இறங்கியது என்று பாருங்கள். பிறகு மகள் சேரப்போகும் துறையில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை நிரந்தரமாக நிரம்பியிருக்கின்றன என்று கேளுங்கள். அலுவலகத்தில் மழுப்பினால் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். சென்ற பருவத்தில் எந்தப் பாடத்துக்கு நடுவில் ஆசிரியர் மாறினார் என்பதை அவர் மறந்திருக்க மாட்டார். விவரக் கையேட்டில் நூலகத்தின் படம் இருக்கும். அது எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த விவரங்களோடு மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். கல்விக் கடன் விண்ணப்பத்தில் அதுவரை கையெழுத்திட வேண்டாம்.