டிரெய்லர் உள் லைனிங்: எதை ஒட்டுவது, எதை முடுக்குவது?

பெங்களூரில் சொந்தமாக கேம்பர் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே தூங்கும் வண்டி) கட்டுபவர்கள் கேட்டவை. எல்லாரும் பசையின் பெயரைத்தான் கேட்கிறார்கள். எதன் மேல் ஒட்டப்போகிறோம், அந்த இடம் எவ்வளவு சுடும் என்பதை முதலில் பாருங்கள்.

சார், கூரையில் கார்ப்பெட் லைனிங் ஒட்டினேன். இங்கே நன்றாக இருந்தது, கிருஷ்ணகிரி போனதும் பலூன் மாதிரி தொங்கிவிட்டது. ஏன்? (அல்சூர்)

வெயில்தான். ஓசூர் மேட்டை விட்டு இறங்கியதும், சித்திரை மாத மதியத்தில் தகரக் கூரையில் கை வைக்க முடியாது. சாதாரண ரப்பர் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும், அப்புறம் துணியின் எடையே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடும். வெப்பம் தாங்கும் கான்டாக்ட் பசை என்று கேட்டு வாங்குங்கள். டப்பாவில் 80 டிகிரிக்குக் குறைவாகப் போட்டிருந்தால் கூரைக்கு வேண்டாம்.

ஒட்டும் விதமும் முக்கியம். தகரத்தை உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசுங்கள். துணி குடித்துவிடும், அதற்கு மட்டும் இன்னொரு கை பூச வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். நூல் நூலாக இழுத்தால் இன்னும் காயவில்லை. ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே மாட்டிக்கொண்ட கரைப்பான் வெயிலில் ஆவியாகித் துணியைத் தூக்கும். என் முதல் டிரெய்லரில் மழைக்காலச் சாயங்காலம் ஒன்றில் அவசரப்பட்டு ஒட்டினேன். ஏற்காடு போன இரண்டாம் நாள் கூரை முழுக்கக் கொப்புளம். மழை நாளில் இரண்டு மடங்கு நேரம் காத்திருங்கள்.

மரவேலைக்கு வாங்கிய வெள்ளை ஃபெவிகால் மீதி இருக்கிறது. பிளைவுட்டைத் தகரத்தில் ஒட்டலாமா?

வேண்டாம். அது மரத்தோடு மரம் சேர்க்க. தகரத்தில் பிடிக்காது.

சூடு தடுக்க வைக்கும் தெர்மோகோல் மேல் ரப்பர் பசை பூசினேன், குழி குழியாகக் கரைந்துவிட்டது. (சிவாஜிநகர்)

பசையில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும். அழுத்தமான நீல, இளஞ்சிவப்பு ஃபோம் போர்டும் அதே பொருள்தான், அதுவும் கரையும். ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட் வாங்குங்கள். ஓட்டத்தில் தெர்மோகோல் போடும் கிறீச் சத்தமும் அதில் வராது.

4 மி.மீ. பிளைவுட்டை இரும்புச் சட்டத்தில் ஸ்க்ரூ போடுவதா, ரிவெட் (துளையில் விட்டு, பின்பக்கம் நசுங்கிப் பூட்டிக்கொள்ளும் ஆணி) அடிப்பதா, பசை மட்டும் போதுமா? (கே.ஆர்.புரம்)

எடையை ரிவெட்டோ ஸ்க்ரூவோ தாங்கட்டும், பசை வேலை கடகட சத்தத்தை நிறுத்துவது. ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம்; அது கெட்டியானது, ஆனால் வளையாது, ரோட்டின் அதிர்ச்சியில் தலை முறிந்துவிடும். அகலத் தலை உள்ள 4.8 மி.மீ. ரிவெட் எடுத்து 4.9-ல் துளை போடுங்கள். சின்னத் தலை பிளைவுட்டுக்குள் புதைந்துவிடும். எஸ்.பி. ரோட்டுக் கடையில் ரிவெட் வாங்கும்போது பலகையும் சட்டத்தின் இரும்புக் குழாய்ச் சுவரும் சேர்ந்த தடிமனைச் சொல்லி, அதற்கேற்ற நீளம் கேளுங்கள். வயர் போகும் இடத்தில் மட்டும் ரிவெட் நட் (ரிவெட் போலக் குழாயில் பூட்டிக்கொள்ளும், உள்ளே மரை உள்ள நட்) வைத்து மெஷின் ஸ்க்ரூ முடுக்குங்கள், நாளைக்குக் கழற்ற வேண்டிவரும்.

இன்னொன்று. வெளிச்சுவர் அலுமினியமாக இருந்தால் 3 மீட்டர் ஷீட் 40 டிகிரி சூடேறும்போது கிட்டத்தட்ட 3 மி.மீ. நீளும், பிளைவுட் அப்படி நீளாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் கெட்டியாக இறுகும் எபாக்ஸி ஆகாது. பஸ் பாடி கட்டுபவர்கள் போடும் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட், சிக்காஃப்ளெக்ஸ் மாதிரியானது, இழுத்தால் வளைந்து கொடுக்கும். அதை 3 மி.மீ. தடிமனில் விடுங்கள், நசுக்கித் தள்ளிவிடாதீர்கள், ஒரு நாள் முழுக்கக் காயட்டும். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டால் மரையில் கொஞ்சம் சீலன்ட் தடவுங்கள், ஈரம் பட்டால் அலுமினியம்தான் அரிக்கும்.

பாத்ரூம் சிலிகான் போடலாமா?

வினிகர் வாசனை வந்தால் அது அமிலம் விடும் வகை, தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். அப்புறம் அதன்மேல் பெயின்டும் நிற்காது.

அண்ணா, அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் வைத்து ஒட்டலாமா? குழந்தைகளும் அதில்தான் தூங்குவார்கள். (ஒயிட்ஃபீல்ட்)

தயவுசெய்து வேண்டாம்மா. கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும், ஒரு சுவிட்ச் பொறி போதும் தீப்பிடிக்க. திறந்த வெளியில், கதவு ஜன்னல் எல்லாம் திறந்து ஒட்டுங்கள், தலை சுற்றினால் உடனே வெளியே வாருங்கள். முடிந்ததும் மூன்று நாலு நாள் திறந்தே போடுங்கள். ஒரு மதியம் மூடி வைத்துவிட்டுத் திறக்கும்போது பசை வாசனை மூக்கில் ஏறினால் அன்றைக்குப் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.