புரிகிறது, பிடிபடுகிறது, விளங்குகிறது: ஆங்கிலச் சொற்கள் பற்றிய கேள்வி பதில்

அறியத்தக்கது, புரியக்கூடியது என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைக் குறித்து வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்துவரும் எனக்கு மிகவும் பிடித்த சொற்குடும்பம் இது.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: லெஜிபிள், ரீடபிள், இன்டெலிஜிபிள் மூன்றும் ஒன்றுதானே ஐயா?

இல்லையம்மா. லெஜிபிள் கண்ணோடு நின்றுவிடும். எழுத்து பிரிந்து தெரிந்தால் போதும். 2016இல் இந்திய மருத்துவக் கவுன்சில் தன் விதியைத் திருத்தியபோது, மருந்தின் பொதுப்பெயரை லெஜிபிளாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் மருத்துவர்கள் எழுத வேண்டும் என்றது. மருந்துக் கடைக்காரர் பெயரைப் பிழையில்லாமல் வாசிக்க வேண்டும் என்பதுதான் அங்கே நோக்கம்; அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. வாசிக்கச் சலிக்காத நடை ரீடபிள். அழகாக அச்சான புத்தகம்கூட இரண்டு பக்கத்தில் தூக்கம் வரவழைத்தால் அது லெஜிபிள், ரீடபிள் அல்ல.

இன்டெலிஜிபிள் பெரும்பாலும் காதுக்குரியது. ரயில் நிலைய ஒலிபெருக்கி கரகரத்து, எந்த ஊர், எந்த நடைமேடை என்றே பிரியாமல் போனால் அந்த அறிவிப்பு இன்டெலிஜிபிள் அல்ல.

அதே மாணவி: அப்படியானால் காம்ப்ரிஹென்சிபிள்?

ஒலிபெருக்கியைச் சரிசெய்துவிட்டார்கள், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் சொல்லவருவது என்னவென்று தெரியவில்லை. இப்போது அறிவிப்பு இன்டெலிஜிபிள்தான், காம்ப்ரிஹென்சிபிள் அல்ல. மொழியியலார் வற்புறுத்தும் பிரிவு இது. அன்றாட ஆங்கிலத்தில் இரண்டும் கலந்தே வரும். காம்ப்ரிஹென்சிபிளின் லத்தீன் வேருக்குப் பிடித்தல் என்று பொருள். குற்றவாளியைப் பிடிப்பதைச் சொல்லும் அப்ரிஹெண்டும் அதே வேரில் பிறந்ததுதான். "கணக்கு எனக்குப் பிடிபடவில்லை" என்கிறோமே, நமக்கும் அதே கைதான்.

சட்டம் படிப்பவர், மதுரை: காக்னிசபிள் குற்றம் என்றால் புரிந்துகொள்ளக்கூடிய குற்றம் என்று மொழிபெயர்த்துவிட்டேன். சரியா?

தவறு, உடனே திருத்திவிடுங்கள். வேர் அறிதல்தான். ஆனால் சட்டத்தில் அது, அதிகாரத்தில் இருப்பவர் ஒன்றைத் தன் கவனத்துக்கு எடுத்து நடவடிக்கையில் இறங்குவதைக் குறிக்கிறது. கொலை, கொள்ளை போன்றவற்றில் பிடிவாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம், இவை காக்னிசபிள். மற்ற வகையில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் விசாரணையே தொடங்க முடியாது. முதல் தகவல் அறிக்கை காக்னிசபிள் குற்றத்துக்குத்தான் பதிவாகும். அதைச் சொல்வது முன்பு 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. காவல் நிலைய வாசலில் நிற்கும் ஒருவருக்கு இந்த ஒரு சொல்லின் பொருள் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய பலம்!

மீனவர் வீட்டு இளைஞர், குமரி மாவட்டம்: அன்ஃபாதமபிள் என்ற சொல்லுக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு தம்பி, உங்கள் வீட்டிலேயே உண்டு. ஃபாதம் என்பது பழைய ஆங்கிலத்தில் அணைக்க விரித்த இரு கைகள். விரித்த கைகளின் நீளம் அளவாகி, பின்பு 6 அடி என்று நிலைத்தது. நம் கடற்கரைகளில் பாகம் என்று சொல்வதும் அதே கைவிரிப்புத்தான். கப்பல்காரர்கள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலில் இறக்குவார்கள். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பைத் தடவிவைப்பார்கள். மேலே இழுக்கும்போது அடிக்கடலின் மணலோ சிப்பித்துண்டோ அதில் ஒட்டி வரும். எத்தனை ஆழம் என்பதோடு, அடியில் என்ன கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். குண்டு தரை தொடாத இடம் அன்ஃபாதமபிள். ஒருவர் மனத்தைப் பற்றி இந்தச் சொல்லை எழுதும்போது அந்தக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியை, தஞ்சாவூர்: இன்ஸ்க்ரூட்டபிள்?

வேட்புமனுப் பரிசீலனையை ஸ்க்ரூட்டினி என்கிறார்களே, அதன் உறவு. துருவித் துருவிப் பார்த்தும் ஒன்றும் அகப்படாத முகம். கிழக்காசிய மக்களைப் பற்றி மேலைநாட்டார் இந்தச் சொல்லை முத்திரைபோலக் குத்திவந்தார்கள். அந்தப் பழக்கம் நமக்கு வேண்டாம்.

அலுவலக ஊழியர், சென்னை: தாமதத்துக்கு வருந்தி எழுதினேன். மேலாளர் "அண்டர்ஸ்டேண்டபிள்" என்று மட்டும் பதில் அனுப்பினார். கோபமா?

கோபமில்லை. "உங்கள் நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும்" என்கிறார். இந்த இடத்தில் காம்ப்ரிஹென்சிபிள் என்று போட்டால் அந்தப் பரிவு போய்விடும்.

போட்டித் தேர்வு எழுதுபவர், சேலம்: நாலெட்ஜபிள் என்றால் அறியத்தக்கதா?

நிறைய அறிந்தவர் என்று பொருள். அறியத்தக்கது நோவபிள்.

இல்லத்தரசி, ஈரோடு: நம் "விளங்குதல்" போல ஆங்கிலத்தில் உண்டா?

நல்ல கேள்வி அம்மா. விளங்குவது என்றால் ஒளிர்வது, புரிவது இரண்டும்தான். விளக்கு ஏற்றவும் செய்கிறோம், பாடத்தை விளக்கவும் செய்கிறோம். லூசிட் என்ற சொல்லும் ஒளியைக் குறிக்கும் வேரில் பிறந்து, தெளிந்த எழுத்துக்குப் பெயராயிற்று. பெலூசிட் என்றால் ஒளி ஊடுருவிவருமளவு தெளிந்தது. என் பாட்டி மண்குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டு, கலங்கல் நீரை ஊற்றி மூடிவைப்பார். காலையில் திறந்தால் குடத்தின் அடி தெரியும். வகுப்பில் பெலூசிட் என்று எழுதிப்போடும் ஒவ்வொரு முறையும் முதலில் அந்தக் குடத்தைத்தான் சொல்கிறேன்.