படம் வருது, சத்தம் வரேல்லை: கேம் பெட்டிக் கேள்வி பதில்

ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கொம்பியூட்டரை வைத்து, பழைய கேம்களை ஆடும் பெட்டியை வீட்டிலேயே செய்வது பற்றிப் போன முறை கதைத்தோம். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சத்தம் பற்றியவை. கேம் கோப்பு எங்கே எடுக்கலாம் என்று கேட்டவர்களை வழமைபோல ஒதுக்கிவிட்டேன். மற்றவர்களுக்கு இங்கே பதில்.

முதலில் ஒரு சங்கதி. "சத்தம் இல்லை" என்று மட்டும் எழுதாமல் எங்கே இல்லை என்பதையும் எழுதுங்கள். வேறு வேறு மெஷின்களின் இரண்டு கேமைப் போட்டுப் பாருங்கள், ஒரு நின்டென்டோ, ஒரு ஆர்கேட் (கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய மெஷின்) என்று. இரண்டும் ஊமை என்றால் பழுது வயரில், அல்லது பெட்டியின் செட்டிங்கில். ஒன்று மட்டும் ஊமை என்றால் வயரைத் தொடவே வேண்டாம். இதைப் பார்க்காமல் நேரே ஸ்குரூ டிரைவரைத் தூக்குகிறவர்கள்தான் கூட. நானும் அந்தக் கூட்டம்தான், கீழே வரும்.

வெள்ளவத்தைத் தம்பி ஒருவர்: அண்ணா, ராஸ்பெரி பை 4, அதில் பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோபை சொஃப்ட்வெயர். அப்பாவின் ஒஃபிஸில் கழித்த மொனிட்டரில் போட்டிருக்கிறேன். படம் கண்ணாடி மாதிரி. சத்தம் துளிகூட இல்லை. ரிவியில் போட்டால் வருகிறது.

ரிவியில் வருகிறதென்றால் பெட்டி சுகமாக இருக்கிறது தம்பி. மொனிட்டரின் பின்பக்கத்தை வடிவாகப் பாருங்கள். வெள்ளை நிற அகலமான டிவிஐ சொக்கெட்டில், எச்டிஎம்ஐயை டிவிஐ ஆக்கும் வயரைக் குத்தியிருக்கிறீர்களா? அந்த வழியில் சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். எச்டிஎம்ஐ சொக்கெட்தான் என்றால், அந்த மொனிட்டருக்குள் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஒஃபிஸ் மொனிட்டர்களில் ஸ்பீக்கர் கிடையாது, பின்னால் ஒரு ஹெட்போன் துளை மட்டும் இருக்கும். அதில் இயர்போனைக் குத்திக் கேளுங்கள்.

அப்போதும் இல்லையென்றால், மொனிட்டர் தன்னை டிவிஐ திரை என்று சொல்ல, பையும் அதை நம்பிப் படத்தை மட்டும் அனுப்புகிறது. மெமரி கார்டைக் கழற்றிக் கொம்பியூட்டரில் போட்டால் பூட் என்ற பகுதி தெரியும். அதிலுள்ள கொன்ஃபிக் கோப்பில் எச்டிஎம்ஐ டிரைவ் என்றொரு வரி, முன்னால் # அடையாளத்தோடு தூங்கிக்கொண்டிருக்கும். # ஐ அழியுங்கள், மதிப்பு 2 என்று இருக்கட்டும். 1 என்றால் டிவிஐ, 2 என்றால் சத்தத்தோடு எச்டிஎம்ஐ. புதிய கேஎம்எஸ் வீடியோ டிரைவர் ஓடும் பெட்டிகளில் இந்த வரியை யாரும் கணக்கெடுப்பதில்லை. அங்கே ரெட்ரோபை மெனுவின் ஓடியோ பகுதியில்தான் எச்டிஎம்ஐயைத் தெரிவு செய்ய வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அக்கா: தம்பி, சில நாள் சத்தம் வருது, சில நாள் இல்லை. மகன் பேய் பிடித்த பெட்டி என்கிறான்.

எந்த நாளில் இல்லை என்று பாருங்கள் அக்கா. கரண்ட் போய் வந்த நாளா? பை கரண்ட் வந்த உடனே தானாக எழும்பிவிடும். உங்கள் ரிவியோ ரிமோட்டுக்குக் காத்துக்கொண்டு தூங்கும். பை எழும்பும் நேரத்தில்தான் "உன்னால் என்ன முடியும்" என்று ரிவியிடம் கேட்கிறது. பதில் வராவிட்டால் சத்தத்தை எச்டிஎம்ஐ பக்கம் அனுப்பாமலே விட்டுவிடும். ரிவியை முதலில் போடுங்கள், பிறகு பெட்டியை. பை 4 என்றால் இன்னொன்று: இரண்டு சிறிய எச்டிஎம்ஐ துளைகளில் கரண்ட் வயருக்குக் கிட்ட இருப்பதில் குத்துங்கள். பேயை விரட்ட இவ்வளவும் போதும்.

தெஹிவளை: அப்பம்மா வீட்டில் ஒரு பெட்டி ரிவி கிடைத்தது. பை 3 இன் ஹெட்போன் துளையிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரால் இணைத்தேன். ஸ்பீக்கரில் "கர்ர்ர்" என்று இரைச்சல், திரையில் ஒன்றும் இல்லை. ரிவி பழுதா?

ரிவியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! அந்தக் கண்ணாடித் திரையில்தான் பழைய கேம்கள் வடிவாகத் தெரியும். பழுது உங்கள் வயரில்.

வயரில் பைக்குள் குத்தும் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம், அவை பிரிக்கும் நான்கு உலோகத் துண்டுகள். பையின் கணக்கில் நுனியிலிருந்து வரிசையாக: இடது சத்தம், வலது சத்தம், கிரவுண்ட் (எல்லாச் சிக்னலும் திரும்பிப் போகும் பொது வழி), கடைசியாகப் படம். ஆனால் கடையில் தொங்கும் பல வயர்கள் பழைய வீடியோ கமராக்களுக்குச் செய்தவை. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள், உள்ளே வரிசை வேறு. உங்களுக்குக் கேட்கும் "கர்ர்ர்" படம்தான்! படத்தின் சிக்னல் ஸ்பீக்கருக்குள் போய்க் கத்துகிறது.

மஞ்சளையும் சிவப்பையும் ரிவியில் மாற்றிக் குத்திப் பாருங்கள். கமரா வயர்களில் ஒரு வகைக்கு இது போதும். சரிவராவிட்டால் கிரவுண்டே இடம் மாறியிருக்கிறது, எப்படி மாற்றிக் குத்தினாலும் உதவாது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகும்போது மல்டிமீற்றரைக் கையோடு கொண்டுபோங்கள். மஞ்சள் முனையின் வெளி உலோகத்தில் ஒரு கம்பி, மறுமுனையில் நுனியிலிருந்து மூன்றாவது துண்டில் மற்றக் கம்பி. "பீப்" சத்தம் வந்தால் வாங்குங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

படம் வந்து நிறமில்லாமல் இருந்தால் கொன்ஃபிக் கோப்பில் எஸ்டிடிவி மோட் என்ற வரிக்கு 2 கொடுங்கள், அதுதான் எங்கள் ரிவிகளின் PAL என்ற நிற முறை. ரிவியில் ஒரே ஒரு சத்தத் துளைதான் என்றால் வெள்ளையைக் குத்துங்கள்.

மட்டக்குளி: பை ஸீரோவும், சத்தத்தைக் கூட்டும் பிஏஎம்8403 அம்ப்ளிஃபையர் போட்டும் (சர்க்கிட் பலகை) வைத்து மரப்பெட்டியில் சிறிய ஆர்கேட் செய்தேன். இரண்டு ஸ்பீக்கர். முதல் நாள் ஒரு "டக்". அதோடு சரி. போட் சூடாகிறது.

சூடாகிறது என்ற சொல்லைப் படித்ததும் என் வயிறு கலங்கியது. இரண்டு ஸ்பீக்கரின் மைனஸ் வயர்களையும் முறுக்கி ஒன்றாக்கி, ஒரே வயராகக் கொண்டுவந்தீர்களா? வயரை மிச்சம் பிடிக்க நானும் அதையேதான் செய்தேன், அதுவும் மருமகனின் பிறந்தநாளுக்கு முதல் நாள் இரவு. பழைய ரேடியோக்களில் மைனஸ் என்றால் கிரவுண்ட், சேர்க்கலாம். இந்த போட்டில் அப்படியில்லை. ஸ்பீக்கரின் இரண்டு முனையையுமே அம்ப்ளிஃபையர் எதிரெதிராகத் தள்ளி இழுக்கிறது. மைனஸ் என்று எழுதியிருப்பதும் ஒரு வெளியீடுதான். இரண்டு மைனஸையும் சேர்த்தால் இரண்டு வெளியீடு ஒன்றோடொன்று முட்டுகின்றன. கிரவுண்டில் சேர்த்தால் இன்னும் மோசம். அன்றிரவு விரல் நுனியில் வந்த கொப்புளத்தோடு இதைக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியாக இரண்டு வயர், மொத்தம் நான்கு.

எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஸ்பீக்கரைக் கழற்றி, ஒரு சாதாரண 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் மட்டும் முனைகளில் தொடுங்கள். "டப்" என்று கூம்பு துள்ளினால் ஸ்பீக்கருக்கு ஒன்றுமில்லை. அடுத்து, ஸ்பீக்கரை வடிவாக மாட்டி, 5 வோல்ட் கொடுத்து, பை பக்க வயரைக் கழற்றிவிட்டு, அம்ப்ளிஃபையரின் உள்வரும் முனையை விரலால் தொடுங்கள். "ம்ம்ம்" என்று இரைந்தால் அம்ப்ளிஃபையரும் தப்பியது. இரையாவிட்டால் புதிது வாங்குங்கள், அது மலிவான சாமான்தான்.

இரண்டும் நல்லதென்றால் குற்றவாளி பை ஸீரோ. அதற்கு ஹெட்போன் துளையே கிடையாது. ஆட்ரிமேப் என்ற ஓவர்லேயை (கூடுதல் செட்டிங் வரி) கொன்ஃபிக் கோப்பில் சேர்த்து, 18, 19 என்ற ஜிபிஐஓக்களை (பையின் ஓரத்து உலோகப் பின்களுக்கு புரோகிராம் வைத்திருக்கும் எண்கள்) தெரிவு செய்தால்தான் சத்தம் அந்தப் பின்களுக்கு வரும். கவனம், அவை போட்டில் எண்ணினால் 12 ஆவது, 35 ஆவது பின்கள். 18 ஆவது பின்னில் ஒட்டிவிட்டு இரவு முழுக்கக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். பின்னுக்கும் அம்ப்ளிஃபையருக்கும் நடுவில் 270 ஓம் ரெசிஸ்டர், 33 நானோஃபரட் கபாசிட்டர் வடிகட்டியும் போடுங்கள், வெறும் வயர் கொடுத்தால் இரைச்சல்தான் வரும்.

பம்பலப்பிட்டி: எல்லாக் கேமிலும் சத்தம் உண்டு. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் மட்டும் இல்லை.

1978 இல் வந்த அந்த ஆர்கேட் மெஷினில் சத்தத்தை உண்டாக்கப் புரோகிராம் என்று இருக்கவில்லை. பெரும்பகுதியை ரெசிஸ்டரும் கபாசிட்டரும் சேர்ந்த சர்க்கிட்டே உண்டாக்கியது. கேம் கோப்பில் இருப்பது புரோகிராம் மட்டும், சர்க்கிட்டைக் கோப்பாக எடுக்க முடியாதே. அதனால் மேம் 2003 போன்ற எமுலேட்டர்கள் (பழைய மெஷின் மாதிரி நடிக்கும் சொஃப்ட்வெயர்கள்) பதிவு செய்த சத்தங்களைத் தனிக் கோப்பாகக் கேட்கின்றன. சாம்பிள்ஸ் என்ற ஃபோல்டரில் அது இருக்க வேண்டும். உங்கள் பெட்டியில் ஒன்றும் பழுதில்லை.

கிராண்ட்பாஸ்: கேம் நடுவில் திடீரென்று சத்தம் நின்றது. எந்தக் கேமிலும் வருவதில்லை.

கீபோர்ட் இணைத்திருக்கிறீர்களா? எஃப்9 ஐ ஒரு முறை அழுத்துங்கள். ரெட்ரோபைக்குள் கேமை ஓட்டும் ரெட்ரோஆர்ச்சில் அதுதான் வாயை மூடும் பட்டன். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்குமே.

கொள்ளுப்பிட்டி: பை 5 வாங்கினேன். ஹெட்போன் துளையைக் காணவில்லை.

பை 5 இல் அது இல்லை, எடுத்துவிட்டார்கள். யூனிட்டி பிளாஸாவில் விரலளவு யுஎஸ்பி சவுண்ட் கார்ட் கேளுங்கள். குத்திய பிறகு ஓடியோ மெனுவில் அதைத் தெரிவு செய்ய மறக்க வேண்டாம்.

வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம்: முனையைக் கொஞ்சம் திருகினால் சத்தம் வரும், விட்டால் போய்விடும். மூன்றாவது வயரும் வாங்கிவிட்டேன்.

நான்காவது வேண்டாம். நானும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். உப்புக் காற்று எங்கள் வீட்டுக் கதவுப் பிணைச்சலையே தின்கிறது, ஒரு சின்னத் துளையை விடுமா? டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள், பச்சையாக ஏதும் தெரிந்தால் அதுதான். கரண்டை எடுத்துவிட்டு, ஐசோபுரோபைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சை ஈர்க்கில் சுற்றி, மெதுவாகத் துடையுங்கள். காய்ந்த பிறகு முனையைப் பத்துப் பதினைந்து தடவை குத்தி எடுங்கள். அப்போதும் திருகினால்தான் வருகிறதென்றால் துளையின் கால்களில் ஈயம் விட்டிருக்கும். அந்தக் கால்களைச் சுற்றி மெல்லிய வெடிப்பு வளையம் தெரிகிறதா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்தக் காலைச் சூடாக்க வேண்டும் என்று சொல்கிறேன்.