ஜெபக்குறிப்பாகிப்போன மனத்தாங்கல்

கேள்வி: பாடகர் குழுப் பயிற்சியின்போது, குழுவை நடத்தும் சகோதரி எல்லார் முன்னிலையிலும் என்னைக் கடிந்துகொண்டார். மனம் பொறுக்காமல் அதைப் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். இப்போது எனக்கொரு பக்கம், அவருக்கொரு பக்கம் என்று சபையே பிரிந்து நிற்கிறது. அவரை மன்னித்துவிட்டேன்; ஆயினும் முகம் பார்க்க இயலவில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்களுக்கு நேர்ந்த அவமானம் சிறியதல்ல. மன்னிப்பு உங்கள் ஒருவரால் ஆகக்கூடியது. உறவு திரும்புவதற்கோ இருவரும் வேண்டும். ஆகையால் முகம் பார்க்க இயலாததை வைத்து, நீங்கள் மன்னிக்கவில்லை என்று உங்களையே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் வருத்தத்தை ஐக்கியத்தார் உங்கள் வாயிலிருந்தே கேட்டிருக்க, அந்தச் சகோதரி மட்டும் அதைப் பிறர் சொல்லக் கேட்டிருப்பார். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் ஒழுங்கின்படி, குற்றம் செய்தவரிடம் தனியே போய்ப் பேசுவதே முதலாவது. அவர் செவிகொடாவிட்டால் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் இணங்காதபோதுதான் சபைக்குத் தெரிவிக்க வேண்டும். நாமோ பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறோம். 'அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று ஆரம்பிக்கும் பேச்சில் ஜெபம் எவ்வளவு, புறங்கூறுதல் எவ்வளவு என்பது சொல்பவருக்கே வெளிச்சம்.

பயிற்சி இல்லாத ஒரு நாளில் அவரைத் தனியே சந்தித்து, ஐக்கியத்தில் அவரைப் பற்றிப் பேசியதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள். மத்தேயு 5:23-24-இல், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு ஒப்புரவாகப் போகும்படி சொல்லப்படுவது, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூருகிறவருக்குத்தான். குறை யார் பக்கம் இருந்தாலும் முதலில் எழுந்து போகவேண்டியவர் நீங்களே என்பதை இவ்விரு பகுதிகளும் சேர்த்து உணர்த்துகின்றன. பிறகு, 'நீங்கள் எப்போதுமே இப்படித்தான்' என்று பழையதையெல்லாம் இழுக்காமல், 'அன்று எல்லார் முன்னும் திருத்தியது வலித்தது. தனியே சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன்' என்று நடந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

பக்கம் சேர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிலிப்பி சபையில் ஒத்துப்போகாதிருந்த எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இரு பெண்களும் ஒரே சிந்தையாய் இருக்கும்படி இருவருக்கும் தனித்தனியே புத்திசொல்லும் பவுல், நியாயம் யாருடையது என்று தீர்க்காமல், அவர்களுக்கு உதவியாயிருக்கும்படி தம் உத்தம கூட்டாளியைக் கேட்டுக்கொள்கிறார்.

வன்முறையோ பாலியல் அத்துமீறலோ நடந்த இடத்தில், தனியே போய்ப் பேசும்படி பாதிக்கப்பட்டவரை ஒருபோதும் வற்புறுத்தக் கூடாது. அவரைப் பாதுகாப்பதும் சட்டத்தின் உதவியை நாடுவதுமே அங்கே முதற்கடமை.

கேள்வி: எவ்வளவு பேசியும் ஒத்துப்போகாவிட்டால், வேறு குழுவுக்கு மாறுவது அன்பின்மை ஆகுமா?

பதில்: ஆகாது. யோவான் மாற்குவை உடன் அழைத்துப்போவதா வேண்டாமா என்பதில் பவுலும் பர்னபாவும் கடுமையாக முரண்பட்டுப் பிரிந்ததை அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரம் மறைக்கவில்லை. பர்னபா மாற்குவோடு சீப்புருவுக்குப் போனார். பவுல் சீலாவோடு சீரியா, சிலிசியா நாடுகளுக்குப் போனார். அதே மாற்குவைத்தான், ஊழியத்தில் தமக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று சொல்லி அழைத்துவரும்படி 2 தீமோத்தேயு 4:11-இல் பவுல் கேட்கிறார். மாறுவதென்றால், காரணத்தைக் குழுவை நடத்துபவரிடம் நேரிலேயே சொல்லுங்கள். புதிய குழுவில் அந்தக் கதையைத் தொடங்காதீர்கள்.