இரவில் விழிப்பு, பகலில் அசதி: எடுக்கும் மாத்திரைகள் காரணமாக இருக்குமா?

கேள்வி: எனக்கு வயது 61. ரத்த அழுத்தத்துக்குப் பல ஆண்டுகளாக மெட்டோப்ரோலால் எடுக்கிறேன். கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைடு மாத்திரையைக் காலையிலும் இரவு 8 மணிக்கும் எடுக்கிறேன். அரிப்புக்காகத் தோல் மருத்துவர் தந்த ஹைட்ராக்ஸிசின் மாத்திரையைப் படுக்கும்போது போட்டுக்கொள்கிறேன். சில மாதங்களாக இரவில் மூன்று நான்கு முறை விழித்துவிடுகிறேன்; மறுநாள் முற்பகல் வரை தலை கனத்து, உட்கார்ந்த இடத்திலேயே கண் அயர்கிறது. என் அக்கா தூக்கத்துக்காக எடுக்கும் அல்பிரசோலாம் மாத்திரையை நானும் எடுக்கலாமா? அல்லது ரத்த அழுத்த மாத்திரையைச் சில நாட்கள் நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். அக்காவின் மாத்திரை அவருடைய வயது, உடல்நிலை, அவர் எடுக்கும் பிற மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து அவருக்கென எழுதப்பட்டது. மெட்டோப்ரோலாலைத் திடீரென நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த இதயத் துடிப்பு வேகமெடுத்து, ரத்த அழுத்தம் ஏறி, இதய ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரக்கூடும். ஆனால் உங்கள் சந்தேகம் மிகவும் நியாயமானது. நீங்கள் குறிப்பிட்டுள்ள மூன்று மருந்துகளும் வெவ்வேறு வழிகளில் இரவுத் தூக்கத்தையோ பகல்நேரச் சுறுசுறுப்பையோ பாதிக்கக்கூடியவை. தூக்கத்துக்கென்று நான்காவதாக ஒரு மாத்திரையைச் சேர்ப்பதற்கு முன், இருக்கும் மூன்றின் நேரத்தையும் அளவையும் தேவையையும் மருத்துவர் ஒருவர் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் ஃபுரோசமைடைப் பார்ப்போம். இது வாய்வழியாக எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீரை அதிகரிக்கத் தொடங்கி, ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை வேலை செய்யும். ஆகவே இரவு 8 மணிக்கு அதை எடுப்பவர் நள்ளிரவைத் தாண்டியும் சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டிருப்பதில் வியப்பில்லை. இரண்டாவது வேளை அவசியம் என்றால், பொதுவாக அதைப் பிற்பகலிலேயே எடுக்கச் சொல்வோம். எழுதித் தந்த மருத்துவரிடம் இந்த ஒரு மாற்றத்தைக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு இதிலேயே இரவு விழிப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கால் வீக்கம் உள்ளவர்களுக்கு, படுத்தவுடன் கால்களில் தேங்கிய நீர் ரத்த ஓட்டத்துக்குத் திரும்புவதாலும் இரவில் சிறுநீர் கூடும் என்பதால், மாலையில் சிறிது நேரம் கால்களை உயர்த்தி வைத்திருப்பதும் உதவும். இந்த மருந்து பொட்டாசியம், சோடியம் ஆகிய உப்புகளின் அளவைக் குறைத்து உடல் தளர்ச்சியைத் தரக்கூடும் என்பதால், அண்மையில் அவற்றைப் பார்க்கவில்லை என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உங்கள் முற்பகல் மந்தத்துக்கு நான் முதலில் சந்தேகிப்பது ஹைட்ராக்ஸிசினைத்தான். இது மூளைக்குள் எளிதில் நுழையும் பழைய வகை ஒவ்வாமை மருந்து. உடலில் இதன் அளவு பாதியாகக் குறைவதற்கே சுமார் 20 மணி நேரம் ஆகும். வயது கூடும்போது அது இன்னும் நீளும். அதாவது, நேற்றிரவு எடுத்தது முழுவதும் வெளியேறும் முன்பே இன்றிரவு அடுத்ததை எடுக்கிறீர்கள். எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று: ஒரு மாத்திரை உங்களை இருட்டில் கழிப்பறைக்கு எழுப்புகிறது, இன்னொன்று அதே நேரத்தில் உங்களைத் தள்ளாட வைக்கிறது. அறுபதைக் கடந்தவர்கள் இப்படிப்பட்ட சூழ்நிலையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளக்கூடும். ஃபெக்ஸோஃபெனடின், லோரடடின் போன்ற புதிய வகை மருந்துகள் மூளைக்குள் மிகக் குறைவாகவே செல்வதால் தூக்கக் கலக்கமும் குறைவு. அவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்துமா என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள். அரிப்பு ஏன் வருகிறது என்பதையும் அவரே கண்டறிய வேண்டும். அதுவரை, மந்தம் தெளியாத நேரத்தில் வாகனம் ஓட்டாதீர்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை சிறு விளக்கொன்று எரியட்டும்.

மெட்டோப்ரோலாலைப் பொறுத்தவரை, அது இதயத் துடிப்பைக் குறைப்பதால் சிலருக்குப் பகலில் அசதி ஏற்படும். இவ்வகை மருந்துகள், தூக்கத்தைத் தூண்ட இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனையும் குறைக்கின்றன. கொழுப்பில் கரைந்து மூளைக்குள் செல்லும் மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால் ஆகியவற்றால் தெளிவான, சில வேளைகளில் அச்சமூட்டும் கனவுகளும் வருவதுண்டு. ஆனால் நீங்கள் பல ஆண்டுகளாக எடுக்கும் மருந்து, சில மாதங்களுக்கு முன்பு தொடங்கிய தொல்லைக்குத் தனியாகக் காரணமாக இருப்பது அரிது. அளவு அண்மையில் கூட்டப்பட்டதா, அல்லது ஃப்ளுவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மருந்து ஏதும் புதிதாகச் சேர்ந்ததா என்று பாருங்கள். இவை கல்லீரலில் மெட்டோப்ரோலால் சிதைவதைத் தடுத்து, மாத்திரையின் அளவு மாறாமலேயே ரத்தத்தில் அதன் அளவை உயர்த்திவிடும்.

அல்பிரசோலாம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது தூங்க வைக்கும், உண்மைதான். ஆனால் சிறுநீர் முட்டுவதை அது நிறுத்தாது. ஹைட்ராக்ஸிசினோடு சேரும்போது மயக்கம் இரட்டிக்கும். சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். குறட்டையும் உறக்கத்தில் மூச்சுத் தடையும் உள்ளவர்களுக்கு அந்தத் தடையை அது மோசமாக்கலாம். மற்ற தூக்க மாத்திரைகளின் தாக்கமும் விடிந்தவுடன் முடிந்துவிடுவதில்லை. சோல்பிடெம் எடுத்த பெண்களில் பலருக்கு மறுநாள் காலையிலும் வாகனம் ஓட்டுவதைப் பாதிக்கும் அளவுக்கு ரத்தத்தில் மருந்து எஞ்சியிருந்ததால், 2013-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அவர்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கச் செய்தது.

இதே தொல்லை உள்ள பிற வாசகர்களுக்கும் ஒரு சொல். ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை மாலையில் எடுத்தால் தூக்கம் கெடும். ஒரு நாளைக்கு ஒரு வேளை என்றால் காலை உணவோடு எடுப்பதே வழக்கம். தைராய்டு மாத்திரையின் அளவு கூடினால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து சோர்வு வரக்கூடும். மூன்று வாரங்களுக்கு மேல் எடுத்த ஸ்டீராய்டையும் தானாக நிறுத்துவது ஆபத்து.

மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது, கடையில் நீங்களாக வாங்கும் சளி மாத்திரை உட்பட எல்லாவற்றையும், எடுக்கும் நேரத்தையும் தொடங்கிய மாதத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுசெல்லுங்கள். எத்தனை மணிக்கு எதற்காக விழித்தீர்கள் என்ற இரண்டு வாரக் குறிப்பும் இருந்தால் அவருக்குப் பெரிதும் உதவும். நேரத்தையோ மருந்தையோ மாற்றும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அப்போதுதான் எது காரணம் என்று தெரியும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு செய்தி எனக்கு முக்கியம். நீங்கள் விழிப்பது சிறுநீருக்காகவா, மூச்சுத் திணறலாலா? மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார வேண்டியிருந்தால், கால் வீக்கத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது அது இதயம் பலவீனமாகியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அப்படியானால், அல்லது நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே இறங்கித் தலைசுற்றல் வந்தால், குறிப்பெடுக்கக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.