பெட்ரோலா, டீசலா? டிரெய்லர் இழுப்போரின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 4,500 கிலோ டிரெய்லர் இழுக்க வேண்டும். பிக்கப்பைப் பெட்ரோலில் எடுப்பதா, டீசலில் எடுப்பதா?

பதில்: முதலில் கொக்கியைப் பாருங்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக வண்டியின் முதுகில் இறங்கும். 12 சதவீதம் என்றால் 540 கிலோ. நான்கு பேருக்கு 300, சாமானுக்கு 200, கொக்கிச் சட்டத்துக்கு 40 என்று கூட்டினால் 1,080 கிலோ. உங்கள் வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பது ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டீசல் இன்ஜின் கனமானது. அதனால் ஒரே மாடலில் டீசல் வண்டியின் சுமை வரம்பு பெரும்பாலும் குறைந்துவிடும். இழுவைக்காக டீசலை வாங்கிச் சுமை வரம்பை மீறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டிரெய்லரை முழுக்க நிரப்பி எடைமேடையில் ஏற்றுங்கள். விற்பவர் சொல்வது காலி எடை.

கேள்வி: பெட்ரோலுக்கும் டீசலுக்கும் முறுக்கு விசையில் (டார்க்) ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: நல்ல கேள்வி. 2020 ஃபோர்டு சூப்பர் டூட்டியை எடுத்துக்கொள்வோம். 7.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் 475 பவுண்டு-அடி முறுக்கு விசை தருகிறது. 6.7 லிட்டர் டீசல் 1,600 சுழற்சியிலேயே 1,050 தருகிறது. டீசலில் காற்றை மட்டும் ஏறக்குறைய 16 மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அப்படி அமுக்கினால் நேரத்துக்கு முன்பே வெடித்து இன்ஜின் தட்டும். டீசலுக்கு அந்தப் பயமில்லாததால் டர்போ மேலும் காற்றைத் திணிக்கலாம்.

ஆனால் குதிரைத்திறனைப் பாருங்கள்: பெட்ரோலுக்கு 430, டீசலுக்கு 475. மேட்டில் வேகத்தைத் தீர்மானிப்பது அதுதான். பெட்ரோல் வண்டியும் ஏறும். 4,500 சுழற்சியில் அலறிக்கொண்டு ஏறும். அலறலைக் கேட்டுப் பயப்படாதீர்கள், அது அதற்காகவே செய்யப்பட்ட இன்ஜின். உண்மையான இழப்பு உயரத்தில்தான் வருகிறது. டர்போ இல்லாத இன்ஜின் 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதத் திறனை இழக்கும். 2,100 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். டர்போ டீசல் அதைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

கேள்வி: தினமும் 5 கிலோமீட்டர்தான் ஓட்டுவேன். ஆண்டுக்கு இரண்டு முறை டிரெய்லர் இழுப்பேன். டீசல் சரியா?

பதில்: வேண்டாம். டீசல் வண்டியின் புகைக்கரி வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நல்ல சூடும் நீண்ட ஓட்டமும் தேவை. 5 கிலோமீட்டரில் அது அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: என் டிரெய்லர் 3,000 கிலோ. பெட்ரோலா, டீசலா?

பதில்: முதல் பதிலில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். எடைமேடை!

கேள்வி: எதற்கு இவ்வளவு கணக்கு? டீசல் என்றாலே இறக்கத்தில் வண்டியைத் தானே பிடித்துக்கொள்ளும்.

பதில்: இந்த நம்பிக்கை ஆபத்தானது. பெட்ரோல் இன்ஜினில் காலை எடுத்ததும் காற்று வால்வு மூடிக்கொள்கிறது. பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் வண்டி பிடிபடுகிறது. டீசலில் பொதுவாக அப்படி மூச்சை அடைப்பதில்லை. அமுக்கிய காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடுவதால் பிடிப்பு குறைவு. டீசலுக்குப் பிடிப்பைத் தருவது எக்ஸாஸ்ட் பிரேக். டர்போவின் இதழ்களை நெருக்கிப் புகைவழியை அடைப்பது அதன் வேலை.

மறுப்பு: பல ஆண்டுகளாக டீசல் ஓட்டுகிறேன், இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதே இல்லை.

பதில்: உங்கள் வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது, அவ்வளவுதான். அது இல்லாத பழைய டீசல் ஒன்றில் 4 டன் டிரெய்லரோடு நீண்ட இறக்கம் இறங்கியிருக்கிறேன். பாதி வழியில் சக்கரங்களிலிருந்து புகை வந்தது, மிதி தரை வரை போனது. டிரெய்லரின் சொந்த பிரேக் மட்டும்தான் அன்று எங்களைக் காப்பாற்றியது.

இன்னொருவர்: அப்படியானால் இறக்கத்துக்குப் பெட்ரோல்தான் மேல் என்கிறீர்களா?

பதில்: இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள டீசலுக்குப் பெட்ரோல் வண்டி இறக்கத்தில் ஈடாகாது. நான் சொல்வது வேறு. எந்த இன்ஜினாக இருந்தாலும் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். மெல்ல மிதித்தபடியே இறங்கினால் வெந்துபோகும். டிரெய்லர் பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் பாருங்கள். இதற்காக இன்னும் பத்துக் கேள்விகள் கேட்டாலும் எழுதுகிறேன்.

கேள்வி: 2,000 கிலோ படகு. பெட்ரோலா, டீசலா?

பதில்: பெட்ரோல் போதும். "என் எடை இவ்வளவு, எது?" என்ற கேள்விகளுக்கு இனிப் பதில் சொல்ல மாட்டேன்.

கேள்வி: டிரெய்லர் மாட்டினால் காப்பீடு மாறுமா?

பதில்: என் துறை இல்லை. உங்கள் காப்பீட்டு முகவரைக் கேளுங்கள்.

கேள்வி: இப்போதுதான் தவறுதலாக டீசல் டேங்கில் பெட்ரோல் போட்டுவிட்டேன். கொஞ்சம்தான். ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா?

பதில்: சாவியைத் திருப்பாதீர்கள். டீசல்தான் உயர் அழுத்தப் பம்புக்கு உயவு. பெட்ரோல் அதைக் கழுவிவிட்டால் பம்ப் தேய்ந்து, உலோகத் துகள்கள் இன்ஜெக்டர் வரை போய்விடும். வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்துங்கள். டேங்கை முழுக்க வடித்த பிறகே இன்ஜினைக் கிளப்ப வேண்டும்.