ஓட்டப் பாவாடை: ஆண்கள் கேட்டவை, நான் சொன்னவை

விளையாட்டு உடுப்புகளுக்கு வடிவம் வெட்டுவது என் தொழில். ஆண்கள் பாவாடை கட்டி ஓடுவது பற்றிப் போன முறை இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் திட்டியவை ஒரு கட்டு, கேட்டவை ஒரு கட்டு. கேட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

மரைன் டிரைவில் காலையில் ஓடுகிறேன். கட்டைக் காற்சட்டை இருக்கும்போது ஆணுக்குப் பாவாடை எதற்கு? என்ன லாபம்? — வெள்ளவத்தை வாசகர்

காற்று. கொழும்பில் காலை ஐந்தரைக்கே ஈரப்பதன் எண்பது, தொண்ணூறு வீதம் நிற்கும். வேர்வை ஆவியாகாமல் வழியும். காற்சட்டையின் கால் நனைந்ததும் தொடையில் ஒட்டி, சுருண்டு, மேலே ஏறும். ஏறிய மடிப்பு அறுக்கும். பாவாடைக்குக் கால் இல்லை, ஒட்டிச் சுருள எதுவும் இல்லை. எடுத்து வைக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் அது விரிந்து ஒடுங்குவதால் அடியில் காற்று போய்வரும்.

ஆனால் தொடை பருத்தவர்கள் கவனம். வெறும் பாவாடையோடு ஓடினால் தோலும் தோலும் உரஞ்சி, காற்சட்டையில் பட்டதைவிட இரண்டு மடங்கு எரிவு வரும். உள்ளே இறுக்கமான உட்காற்சட்டை கட்டாயம். தொடையைக் காப்பாற்றுவது அதுதான், பாவாடை அதன் மேல் ஒரு மறைப்பு. இந்தப் பக்கத்தில் இதை இன்னும் இரண்டு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொடை மெலிந்தது, ஓட்டமும் ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் பழைய காற்சட்டையே போதும். காசை மிச்சம் பிடியுங்கள்.

வீட்டில் பத்துச் சாரம் இருக்கிறது. சண்டிக்கட்டு கட்டி ஓடினால் என்ன? — கொட்டாஞ்சேனை

பஸ் பிடிக்க ஓடலாம். சாரம் சுற்றளவு இரண்டு மீற்றர் அளவில் மூட்டிய துணி. இடுப்பில் சுற்றிச் செருகிய பிறகு கால் அகட்ட மிஞ்சுவது கொஞ்சம்தான். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினால் எட்டு வைக்க இடம் கிடைக்கும், சரி. ஆனால் மடித்த துணி முழுவதும் இடுப்பில் சேரும், பருத்தி வேர்வையைக் குடித்துக் கனக்கும், கட்டு நழுவும். அப்புறம் ஒரு கை இடுப்பைப் பிடித்தபடியே இருக்கும். ஒரு கையை மட்டும் வீசி ஓடினால் உடம்பு கோணும்.

வேட்டியைக் கொடுக்குக் கட்டுவது வேறு விஷயம். நுனியைக் கால்களுக்கிடையே இழுத்துப் பின்னால் செருகியதும் அது காற்சட்டை மாதிரி ஆகிவிடுகிறது. வயலிலும் வள்ளத்திலும் வேலை செய்தவர்கள் அதை வீணாகவா கட்டினார்கள்? ஆனாலும் துணி பருத்திதான். நனைந்தால் காயாது.

பாவாடை கட்டினால் ஓட்ட நேரம் குறையுமா? — தெகிவளை

குறையாது. பயிற்சி செய்யுங்கள்.

காலிமுகத்திடல் காற்றில் தூக்கிவிடாதா? விளிம்பில் ஏதாவது பாரம் வைத்துத் தைக்கலாமா? — கொம்பனித்தெரு

மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேல் காற்று அங்கே சும்மா விடாது, தூக்கும். தூக்கட்டுமே. உள்ளே முழங்காலுக்கு நாலு விரல் மேல்வரை கறுப்பு உட்காற்சட்டை இருந்தால் என்ன தெரிந்துவிடப் போகிறது? பக்கத்தில் ஓடுகிறவர் வெளியே போட்டிருப்பதே அதைவிடக் கட்டையாக இருக்கும்.

பாரம் வேண்டவே வேண்டாம். விளிம்பில் சில்லறைக் காசு வைத்துத் தைத்த ஒருவரின் பாவாடை திருத்தத்துக்கு வந்தது. காசு ஒவ்வொரு எட்டுக்கும் தொடையில் அடித்து, பத்து கிலோமீட்டர் முடிவில் நீலம் பூத்திருந்ததாம். விளிம்பை ஓர் அங்குலம் இரட்டையாக மடித்துத் தையுங்கள், போதும். பக்கப் பிளவு நாலு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம்.

புறக்கோட்டையில் ‘யுனிசெக்ஸ்’, அதாவது இருபாலாருக்கும் என்று போட்ட ஓட்டப் பாவாடை மலிவாக வாங்கினேன். உள்ளே காற்சட்டையும் சேர்த்தே தைத்திருக்கிறது. இரண்டு கிலோமீட்டரில் முன்பக்கம் இறுகி வலிக்கிறது. நான் வாங்கியது எல். எக்ஸ்எல் வாங்கவா? — கல்கிசை

எக்ஸ்எல் வாங்கினால் இடுப்பில் கழன்று விழும், முன்பக்கம் அப்படியே இறுகும். பிழை அளவில் இல்லை, வெட்டில்.

‘யுனிசெக்ஸ்’ என்ற அட்டையைக் கண்டாலே எனக்குப் பிரஷர் ஏறும். ஓட்டப் பாவாடை பெரிய அளவில் சந்தைக்கு வந்தது பெண்களுக்காக. நிக்கோல் டிபூம் என்ற அமெரிக்க முத்திறன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம்) வீராங்கனை 2004இல் அதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார், அதே ஆண்டில் தன் பாவாடையைக் கட்டிக்கொண்டே அயர்ன்மேன் என்ற நீண்ட தூர முத்திறன் போட்டி ஒன்றிலும் வென்றார். பிறகு எல்லாரும் வெட்டத் தொடங்கினார்கள். அந்த வடிவங்கள் எல்லாம் பெண் உடலுக்கு அளந்தவை. பெண்களுக்கு இடுப்புக்கும் பிட்டத்துக்கும் சுற்றளவு வித்தியாசம் பத்து அங்குலம் என்று வைத்து வெட்டுவோம், ஆண்களுக்கு ஐந்து, ஆறு. பெண்களின் இடுப்புப்பட்டி தொப்புளை ஒட்டி நிற்கும், ஆண்களுடையது அதற்குக் கீழே. எல்லாவற்றையும்விட முக்கியம் கவடு, அதாவது இரண்டு கால்களும் பிரிகிற இடம். பெண்களின் உட்காற்சட்டையில் முன்தையல் கிட்டத்தட்ட நேராக இறங்கும். ஆணுக்கு அது முன்னுக்கு வளைந்து, உள்ளே இடம் விட்டு, தையல் இரண்டு பக்கமும் விலகிப் போக வேண்டும். நேராக இறங்கும் ஒற்றைத் தையல் ஆணுக்கு எங்கே அழுத்தும் என்று நான் எழுதத் தேவையில்லை, நீங்கள் இரண்டு கிலோமீட்டர் ஓடிக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

மிஞ்சிய பெண்கள் சரக்குக்குச் சாம்பல் நிறமும் கறுப்பும் பொறுக்கியெடுத்து, பழைய அட்டையை வெட்டி, புதிய அட்டை குத்தினால் அது ஆண் உடுப்பாகிவிடுமா? 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பிறகு உலகத்தின் பெரிய விளையாட்டு நிறுவனங்களுக்கு இந்த ஊர்க் கைகள் தைத்துக் கொடுக்கின்றன. இங்கே ஓடுகிற ஆணுக்கு ஒழுங்கான கவடு வெட்டிக் கொடுக்கக் கடைக்காரர்களுக்கு மனம் வரவில்லை. கேட்டால், ‘எல்லாருக்கும் சரி வரும், அண்ணே’ என்பார்கள். எல்லாருக்கும் சரி வருவது துவாய் ஒன்றுதான்.

இனிமேல் கடையில் உட்காற்சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். கவட்டில் நாலு தையல் ஒரே புள்ளியில் வந்து முட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். அந்த இடத்தில் உள்ளங்கை அளவில் ஒரு சாய்சதுரத் துண்டு வைத்திருந்தால் நல்லது, முட்டும் புள்ளி கலைந்து தையல் உரசாத இடத்துக்குப் போய்விடும். பிறகு தையல்மேல் விரலை ஓட்டுங்கள். மேடு தட்டினால் சாதாரண ஓவர்லொக், தட்டையாகப் படிந்திருந்தால் பிளட்லொக். பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு இரண்டாவதுதான்.

வாங்கியதை எறிய வேண்டாம். உள்ளே இருப்பதை இடுப்புப்பட்டியின் ஓரமாகக் கத்தரித்து எடுத்துவிட்டு, ஆண்களுக்கென்று விற்கும் இறுக்கக் காற்சட்டை ஒன்றைத் தனியே போட்டு அதன்மேல் கட்டுங்கள். வலி போய்விடும்.

தொடையிடுக்கில் சிவந்து வட்டமாகப் பரவுகிறது. பாமசியில் தந்த கிரீம் பூசினால் இரண்டு நாள் அடங்குகிறது, பிறகு கூடுகிறது. பாவாடைக்கு மாறினால் போய்விடுமா? — பெயர் வேண்டாம், பம்பலப்பிட்டி

போகாது. உரசல் புண் ஓட்டத்தைச் சில நாள் நிறுத்தினால் ஆறிவிடும், வட்டம் போட்டுப் பரவாது. ஓரம் தடித்து, நடு தெளிந்து, அரிப்போடு பரவுவது பெரும்பாலும் படர்தாமரை, அதாவது பங்கசு. ஸ்டெரொயிட் கலந்த கிரீம் அரிப்பை அடக்கிவிட்டுப் பங்கசுக்கு வழி விடும். இரண்டு நாள் அடங்கிப் பிறகு கூடுவதைப் பார்த்தால் உங்களுக்குத் தந்தது அதுவோ என்று சந்தேகம். நான் துணி வெட்டுகிறவன். தோல் டொக்டரிடம் போங்கள், அந்தக் கிரீம் குழாயையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அதுவரை ஈர உடுப்போடு உட்கார வேண்டாம், துவாயை வீட்டில் வேறு எவருக்கும் கொடுக்க வேண்டாம்.

புண் ஏதும் இல்லாதவர்களுக்கு: ஓட முன்னர் தொடையின் உட்புறத்தில் வஸலின் மெல்லிதாகத் தடவலாம். உட்காற்சட்டையும் போட வேண்டும். அது இரண்டாவது தடவை.

என் கணவருக்கு 50 வயது. பாவாடை கட்டிச் சுதந்திர சதுக்கத்தில் ஓடப்போகிறாராம். மகன் வெட்கப்படுகிறான். நீங்கள்தான் நல்ல புத்தி சொல்ல வேண்டும். — கிருலப்பனை

யாருக்கு அக்கா, மகனுக்கா? ஏதென்ஸில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் காவல் நிற்கும் எவ்சோன் வீரர்களின் வெள்ளைப் பாவாடைக்கு நானூறு மடிப்பு. பிஜியில் பொலிஸ்காரர்கள் சுலு கட்டிக்கொண்டு வீதியில் வாகனம் மறிப்பார்கள். ஸ்கொட்லாந்தின் மலைநாட்டு விளையாட்டுகளில் மரத்தூணைத் தூக்கி எறிகிற பலசாலிகள் கில்ட் கட்டித்தான் களத்தில் இறங்குவார்கள். இவ்வளவும் சொன்னாலும் மகன் சமாதானமாக மாட்டான். அந்த வயதில் அப்பா எதைப் போட்டாலும் வெட்கம்தான்.

கறுப்பு அல்லது கடும் நீலம், மடிப்பில்லாத வெட்டு, முழங்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும் நீளம் என்று தைத்துக் கொடுங்கள். சற்றுத் தள்ளி நிற்பவருக்கு அகலமான காற்சட்டை என்றே தோன்றும். அதைவிட முக்கியம், 50 வயதில் புதிதாக ஓடத் தொடங்குகிறார் என்றால் முதலில் பிரஷரும் சீனியும் பார்த்து, டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். பாவாடையைப் பிறகு பார்க்கலாம்.

போட்டிகளில் விடுவார்களா? — மட்டக்குளி

உலகத் தடகளச் சம்மேளனத்தின் விதி உடையின் வடிவத்தைக் கட்டாயமாக்கவில்லை. சுத்தமாக இருக்க வேண்டும், மற்றவர்கள் முகம் சுளிக்கும்படி இருக்கக்கூடாது, நனைந்தாலும் உள்ளே தெரியாத துணியாக இருக்க வேண்டும். மேற்சட்டை முன்னும் பின்னும் ஒரே நிறமாக இருப்பது நல்லது என்றும் சொல்கிறது. நனைந்தால் தெரியும் என்பதால் வெள்ளைத் துணி எடுக்காதீர்கள். பாடசாலை, கழகச் சீருடைக்குத் தனி விதி இருந்தால் அதை அவர்களிடமே கேளுங்கள்.

ஒன்று தைக்க எவ்வளவு துணி? எவ்வளவு முடியும்? உடனே பதில் தேவை. — ஊர், பெயர் எதுவும் இல்லை

இடுப்பளவு இல்லை, உயரம் இல்லை, அவசரம் மட்டும் இருக்கிறது. சரி, பொதுவாகச் சொல்கிறேன். இடுப்பு 34 அளவான ஆளுக்கு, 60 அங்குல அகலத் துணியில் மேலுக்கு முக்கால் மீற்றர், உள்ளுக்கு முக்கால் மீற்றர். மேலுக்கு மெல்லிய பொலியெஸ்டர், சதுர மீற்றருக்கு நூறு கிராம் சொச்சம். உள்ளுக்கு நாலு பக்கமும் இழுபடும் துணி, ஸ்பான்டெக்ஸ் ஐந்திலொரு பங்கு அளவில். பருத்தி வேண்டாம். விளிம்புச் சுற்றளவு பிட்டத்து அளவைவிடப் பன்னிரண்டு அங்குலமாவது கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எட்டு தடைப்படும்.

மகரகமப் பக்கம் பமுணுவவில் இரண்டு துணியும் எடுக்கலாம். உள்துணியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். மடித்த முழங்கால்மேல் போட்டு இரண்டு பக்கமும் இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். கறுப்பு வெளுத்து முழங்கால் தெரிந்தால், குனியும்போது வேறு இடமும் தெரியும். கையை விட்டதும் துணி பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். தொய்ந்து நின்றால் விட்டுவிடுங்கள்.

தையல்காரருக்கு நாலு அளவு கொடுங்கள்: தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே இடுப்பு, பிட்டத்தின் அகன்ற இடம், தொடையின் பருத்த இடம், கடைசியாக முன் இடுப்பிலிருந்து கவட்டின் வழியாகப் பின் இடுப்பு வரை. நாலாவதை எவரும் அனுப்புவதில்லை. பிறகு கவட்டில் பிடிக்கிறது என்று எனக்கு எழுதுவார்கள்.

புதிதாகத் திருமணமானவன். பாவாடை கட்டினால் விந்தணு கூடும் என்று நண்பன் சொல்கிறான். — வத்தளை

விதைப்பைக்கு உடம்பைவிட இரண்டு, மூன்று பாகை குறைந்த சூடு வேண்டும் என்பது உண்மை. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய 650 ஆண்களைப் பார்த்தபோது, தளர்ந்த உள்ளுடுப்புப் போடுகிறவர்களுக்கு விந்தணுச் செறிவு கால் பங்கு கூடுதலாக இருந்தது. அது நாள் முழுக்கப் போடுகிற உள்ளுடுப்பைப் பற்றியது, ஒரு மணி நேர ஓட்டத்தைப் பற்றியதல்ல. அதை நம்பி உட்காற்சட்டை இல்லாமல் ஓடிவிடாதீர்கள். இது மூன்றாவது தடவை. ஓடி முடித்ததும் கழற்றி, வீட்டில் சாரத்துக்கு மாறுங்கள்.

ஜிம்முக்கு? சைக்கிளுக்கு? — நுகேகொடை

பாரம் தூக்க நல்லது, முழங்கால் மடக்கும்போது தடை இல்லை. தலைகீழாக நிற்கும் பயிற்சி இருக்கிற நாளில் வேண்டாம். சைக்கிளுக்கு ஒருபோதும் வேண்டாம், இருக்கையின் மூக்கில் மாட்டும்.

எப்படித் தோய்ப்பது? நாலு மாதத்தில் இலாஸ்டிக் தொய்ந்துவிட்டது. — கொள்ளுப்பிட்டி

ஓடி வந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள், உப்புப் போய்விடும். சவர்க்காரத் தூள் கொஞ்சம் போதும். வாசனைக்கும் மென்மைக்கும் ஊற்றும் திரவத்தைத் தொடவே வேண்டாம், அது துணியில் படிந்து வேர்வை பரவிக் காய்வதைக் கெடுக்கும். நிழலில் காயப்போடுங்கள். தொடைக்குத் தேங்காயெண்ணெய் பூசி ஓடுகிறவராக இருந்தால் இலாஸ்டிக் தொய்ந்ததற்குக் காரணம் தேட வேண்டாம்.

ஓட்டம் முடிந்ததும் அதே பாவாடையோடு கோவிலுக்குப் போகலாமா? — பம்பலப்பிட்டி, இன்னொருவர்

குளிக்காமலா? பையில் ஒரு வேட்டி கொண்டு போங்கள், ஐயா.